வேடியப்பன் கல்லில் பதித்த டைல்ஸ்

என் மகளை ஏழாம் வகுப்பின் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். வரலாற்றுப் பாடத்தில் "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்காக, பாடம் முடியும்வரை அவளை பெஞ்சின்மேல் நிற்க வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். செய்வது சரிதானா என்ற பயம் ஒருநாளும் விட்டதில்லை. சொந்தக்காரர்கள் விடவும் மாட்டார்கள்.

புத்தகத்தைத் திறந்தால் சோர்ந்துபோகிறவள், ஒருநாள் கூட்டிப்போன அருங்காட்சியகத்தில் விழித்துக்கொண்டாள். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கையில் வில், மார்பில் அம்பு, காலடியில் மாடுகள், தலைக்கு மேல் எழுத்து. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல் என்று பலகையில் எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது நம்ம வேடியப்பன் மாதிரியே இருக்குதில்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்பைநல்லூர்ப் பக்கம் அண்ணன் காட்டில் நிற்கும் எங்கள் வேடியப்பன் கல்லுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பொங்கல் வைக்கிறேன். செத்துப்போன ஒரு மனிதன் அது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை போனோம். வட்டெழுத்து அட்டவணையைப் பார்த்து எழுதி, ஒவ்வொரு எழுத்தாகப் பழகினாள். "நம்ம சாமி பேரு என்னான்னு நான் படிச்சிச் சொல்றேன் பாரு" என்பாள். பள்ளியை விட்டபின் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

இந்த வருடம் பொங்கல் வைக்கப் போனபோது, கல்லில் உள்ளதைப் பார்த்து எழுத சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். ஓடியவள் நின்றுவிட்டாள். கல்லைச் சுற்றி நீல டைல்ஸ் பதித்த சுவர். நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. எனாமல் பெயிண்டில் கண்ணும் மீசையும்.

"எப்புடி? பளபளன்னு இருக்குதா?" என்றார் அண்ணன்.

"மாமா, தலைக்கு மேல எழுத்து இருந்துச்சே?"

"எழுத்தா? என்னமோ கீறலா இருந்துச்சு. வழுவழுன்னு இருந்தா சிமெண்டு புடிக்காதுன்னு மேஸ்திரி கொத்திவுட்டாரு."

நான் கத்திவிட்டேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாண்ணா?"

"கேக்காம? சாமிக்கு இதப் பதிக்கலாமான்னு நம்ம வாட்ஸப் குரூப்புல டைல்ஸ் போட்டோ போட்டனே. மொதல்ல கும்புடு போட்டவளே நீதான்." சிரித்தார். "கல்லப் படிச்சி கலெக்டராவா ஆவப்போறா? புள்ளய மொதல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்மா."

உண்மைதான். சமைத்துக்கொண்டே, படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், கும்பிடு பொம்மையைத் தட்டியிருக்கிறேன். எத்தனையோ நூறு வருட மழையும் வெயிலும் விட்டுவைத்ததை நாங்கள் பக்தியோடு கொத்திப்போட்டோம்.

மகள் அழவில்லை. காகிதத்தை விரித்து அந்தக் கல்லை வரைந்தாள். எழுத்து இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, கீழே எழுதினாள்: "இதை அழித்தவர்கள்: மாமா, மேஸ்திரி, அம்மா."

அண்ணன் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "சாமி காரியத்துல இப்புடியா எழுதுவாங்க? அதக் கிழிச்சிப் போடும்மா."

கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"கிழிக்காதீங்கண்ணா. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

பொங்கல் வைக்காமலேயே கிளம்பிவிட்டோம்.