மூன்று பங்குக்கு ஒரு பூட்டு

கண்டனூரில் உள்ள எங்கள் பூர்வீக வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது. நான் காரைக்குடியில் இருக்கிறேன். எனக்குத் தம்பி முறையான சித்தப்பா மகன் கோயம்புத்தூரில், பெரியப்பா வீட்டார் மலேசியாவில். வாசல் கதவுச் சங்கிலியில் பங்குக்கு ஒன்றாக மூன்று பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும். யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். வருகிறவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதுமில்லை.

போன ஆனியில், அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கதவை உடைத்துப் பித்தளைச் சாமான்களை அள்ளிப் போய்விட்டார்கள். மறுநாளே போனேன். எங்கள் பின்கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தேன். முற்றத்துக் கம்பிவலையைச் சரிபார்த்தேன். வாசலில் கேமரா வைத்து என் போனில் இணைத்தேன். பழைய பூட்டுகளில் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். சாவியில்லாமலே வாயைத் திறந்தது. அது தம்பியின் பூட்டு. மூன்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரே பூட்டுப் போட்டேன். செய்தவற்றை நேரத்தோடு டைரியில் எழுதினேன். மற்ற இரு பங்குக்கும் உரிய சாவிகளை உறையிலிட்டுப் பெயர் எழுதி என் வீட்டு மேசையில் வைத்தேன். நேரில் பார்க்கும்போது கொடுத்து விவரம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஓடிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சிவகங்கையில் பத்திரப்பதிவு வேலையாக இருந்தபோது போன் ஒலித்தது. வாசலில் ஆள் நடமாட்டம் என்று கேமரா காட்டியது. பதறித் திறந்து பார்த்தேன். தம்பியும் அவன் மனைவியும் தூக்குச்சட்டிகளோடு வெயிலில் நின்றார்கள். அவன் சாவியைத் திருப்பிப் போட்டு முயன்றுகொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள்.

உடனே அழைத்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த கையோடு, முன்னோருக்குப் படைத்துவிட்டு, சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து சொல்வதாக இருந்தார்களாம். உச்சிக்குள் படைக்க வேண்டும். என் வீட்டிலும் சாவியைக் கொடுத்தனுப்ப அப்போது ஆளில்லை, நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பூட்டு மாற்றியதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"திருடனுக்குப் போட்ட பூட்டுதாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

நான் போனபோது மணி ஒன்று நாற்பது. மூடிய கதவுக்கு முன்னால், வாசற்படியிலேயே இலை போட்டுப் படைத்து முடித்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வாங்க என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர்கள் வீட்டுக்கு அவர்களையே அழைக்கிறேன் என்று.

"கேமராவுல நல்லாத் தெரிஞ்சமா அத்தான்?" என்றாள் தம்பி மனைவி, பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே.

அன்றே சாவியைக் கொடுத்தேன். தம்பி வாங்கிக்கொண்டான், கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் இதுவரை ஒரு துரும்புகூடக் களவு போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கண்டனூர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவன் எனக்குப் போன் செய்து கேட்கிறான், வரலாமா என்று.