நத்தையிடம் இல்லாத மரபணு

என் சித்தப்பா பத்தொன்பது வருடங்களாகக் குளத்து நத்தைகளின் மரபணுக்களை ஆராய்கிறார். எழுதிய கட்டுரைகள் இருபத்து மூன்று. மற்ற ஆராய்ச்சியாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டியது மொத்தம் நானூற்று எழுபது முறை. அதில் நானூற்றுப் பன்னிரண்டு ஒரே கட்டுரைக்கு. மிச்சம் இருபத்திரண்டும் சேர்ந்து ஐம்பத்தெட்டு. அதிலும் பதினொன்று அவரே அவரைக் காட்டிக்கொண்டது.

அந்த ஒரு கட்டுரை, குளிர் தாங்கும் நத்தை ஒன்றிடம் யாரும் பார்த்திராத மரபணுவைக் கண்டதாகச் சொன்னது. பாதிப் பேர் "எங்கள் நத்தைகளிடம் இல்லையே" என்று எழுத அதைச் சுட்டினார்கள். மீதிப் பேர், அந்தப் பாதிப் பேருக்குச் சோதனை செய்யத் தெரியவில்லை என்று எழுதச் சுட்டினார்கள். எண்ணுகிற கணினிக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கொரு முறை வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். குறைந்தது நானூறு மேற்கோள் வேண்டும். ஒப்பந்தம் போனால், அவர்கள் இருக்கும் வெளிநாட்டில் குடியிருப்பு அனுமதியும் போகும். அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். ஆகவே சித்தி காலையில் பல் தேய்க்கும் முன்பே கைபேசியில் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல.

இந்த முறை புதுப்பிக்க ஒரு மாதம் இருந்தபோது, முன்பின் தெரியாத மாணவி ஒருத்தியிடமிருந்து கடிதம் வந்தது. "பதினான்கு மாதமாக ஒன்பது குளங்களில் தேடுகிறேன். உங்கள் மரபணு கிடைக்கவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?"

மேற்கோள் காட்டிய யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. சித்தப்பா உறைபெட்டியிலிருந்த பழைய மாதிரியை எடுத்து மறுபடி சோதித்தார். மரபணு இருந்தது. அதே குளத்தின் புது நத்தைகளிடம் இல்லை. பழைய ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்த மாதிரியை எடுத்த நாளுக்கு எதிரே, "கடும் ஜலதோஷம், இருந்தும் வேலைக்கு வந்தேன்" என்று பெருமையோடு அவரே எழுதியிருந்தார். தன் எச்சிலைச் சோதித்தார். அதே மரபணு. மனிதர்களிலேயே அபூர்வமான வகையாம், எங்கள் வம்சத்தில் ஓடுகிறது. என்னிடமும் இருக்கலாம். நான் சோதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை.

"கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன்," என்றார் சாப்பாட்டு மேசையில். புதுப்பிக்க அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

"தாராளமா வாங்குங்க. ஒப்பந்தத்துல கையெழுத்தானதுக்கு அப்புறம்," என்றாள் சித்தி.

"அந்தப் பொண்ணு பதினாலு மாசமா குளத்துல நிக்குது."

"இன்னும் பதினெட்டு நாள் நின்னா கரைஞ்சா போயிடும்? நாம கிளம்பணும்னா இந்த அலமாரி படியில இறங்குமான்னு யோசிச்சீங்களா?"

"ஏறின அலமாரி இறங்காதா?"

"ஏறும்போது காலியா இருந்துச்சு. உங்க மூளை மாதிரி."

அன்றே அவர் மாணவிக்கு உண்மையை எழுதினார், ஆய்விதழுக்கும் எழுதினார். ஆய்விதழ் அதைப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியது. மறுநாள் குழுவின் குமாஸ்தா அவரைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு சிக்கல். நீங்க மனுஷ மரபணுவை வெளியிட்டிருக்கீங்க. கொடுத்தவரோட எழுத்துச் சம்மதம் கோப்புல இல்ல. அது இல்லாம வாபஸ் அறிவிப்புல அவரைப் பத்தி எழுத முடியாது."

"கொடுத்தவர் நான்தாங்க."

"புரியுது. ஆனா ஆராய்ச்சியாளரே சம்மதம் வாங்கக் கூடாது. அதுவும் தனக்குக் கீழ வேலை செய்யறவங்ககிட்ட."

"நான் எனக்குக் கீழயா வேலை செய்யறேன்?"

"உங்க ஆய்வகத்துல வேற யாரு சார் இருக்கா?"

நடுநிலையாளர் என்ற முறையில் குமாஸ்தாவே படிவத்தை எளிய நடையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஆராய்ச்சியாளரோட உங்க உறவு எப்படின்னு ஒரு கட்டம் இருக்கு."

"இப்ப கொஞ்ச நாளா சரியில்ல."

எழுதிக்கொண்டார். "யோசிக்க முப்பது நாள் சார்."

"யோசிச்சாச்சு."

"முப்பது நாள் ஆகணும். இல்லன்னா உங்களை நீங்க அவசரப்படுத்தினதா ஆயிடும்."

அதுவரை வாபஸ் நிறுத்திவைக்கப்பட்டது. சித்திக்கு வாழ்க்கையில் முதன்முறையாக நெறிமுறையின் மேல் மரியாதை வந்தது.

பதினெட்டாம் நாள் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கான நேர்காணலில் சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அந்த நானூத்திப் பன்னெண்டும் என் மூக்குக்கு வந்தது சார். நத்தைக்கு இல்ல."

நேர்காணல் குழுவின் தலைவர் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இங்க எண்ணிக்கைக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்காங்க," என்றார். புதுப்பித்தார்கள்.

முப்பத்தோராம் நாள் காலை சித்தப்பா சம்மதம் தரப் போனார். சாட்சி வேண்டும் என்றதால் சித்தியும் போனாள்.

"கொடுத்தவரை யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"நான்தான்," என்றாள் சித்தி. "வேண்டாம்னு. தினமும் ரெண்டு வேளை."

அதற்குக் கட்டம் இல்லை. சித்தப்பா கையெழுத்திட்டார்.

"கையில அம்பத்தெட்டு. நானூறுக்கு மூணு வருஷத்துல இன்னும் முந்நூத்தி நாப்பத்திரெண்டு," என்று முணுமுணுத்தபடியே சித்தி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள்.