பேச்சாயியின் வெள்ளி ரூபாய்

பேச்சாயி அக்காவிடம் நாணயம் வாங்கப் போகிறவர்கள் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. செத்த நேரம் கூடுதலாகப் புரட்டிப் பார்த்தால் போதும், "வாங்குறியா, இல்ல பாத்தே தேய்க்கிறியா?" என்பார்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்களில் பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் குடம் கொடுப்பது அவர் தொழில். சில வீடுகளில் அண்டாவோடு பழைய காசும் வந்து சேரும். மாதத்தின் முதல் ஞாயிறு, திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் நாணயச் சங்கம் கூடும். அங்கே அக்காவுக்கு ஒரு மேசை. சிவப்புத் துணியில் உதிரி நாணயங்களைப் பரப்பி வைப்பார். நேற்று அடித்தவை போல அத்தனையும் மின்னும்.

நான் வடமதுரைப் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பம். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.காம். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் டப்பா நாணயம் வாங்க வசதியில்லை. டப்பா என்றால், வெளியூர் நிறுவனம் ஒன்று நாணயத்தைச் சோதித்து, அசல் என்று சீட்டு வைத்து, தரத்துக்கு ஒரு எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவது. எண் ஏற ஏற விலையும் ஏறும். அதனால் நான் அக்காவின் உதிரிகளைத்தான் வாங்குவேன்.

பக்கத்து மேசை ஆனந்த்ராஜுடையது. அங்கே எல்லாமே டப்பா. போன வருடம் அக்கா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1939ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். கிடைப்பதற்கு அரிய வருடம். அதனாலேயே போலிகளும் அதிகம். ஆனந்த்ராஜ் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"டப்பா இல்லாத முப்பத்தொன்பது, அப்பன் பேரு தெரியாத புள்ள மாதிரி" என்றார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று என் செருப்பைப் பார்த்துச் சிரித்தார்களே, அதே சிரிப்பு.

அக்கா எழுந்துவிட்டார். "ஏலே, யாருடா அப்பன் பேரு தெரியாதது? சுண்டிப் பாரு, கோயில் மணி மாதிரி கேக்கும். டப்பாக்குள்ள கெடக்குறத நீ சுண்டுவியாடா?"

"போலி விக்கிறவங்களுக்குச் சத்தம் பெருசாத்தான் இருக்கும்."

அக்கா எடைக்கல்லைத் தூக்கியபோது, சங்கச் செயலாளர் முகமது பாரூக் குறுக்கே வந்தார். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். "பேச்சாயிம்மா, போலின்னு ஒரு பேச்சு வந்துருச்சு. சங்கத்து மானமும் இருக்குல்ல? அனுப்பிச் சோதிச்சுக் கொண்டாங்க. அசல்னு வந்தா மேச ஒங்களுக்குத்தான். அதுவரைக்கும் உள்ள வேணாம்மா."

அன்றிலிருந்து அக்காவின் கடை, மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில். போகிற வருகிறவர்கள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. சோதனைக் கட்டணம் கட்ட ஒரு பெரிய அண்டாவை விற்றார். விண்ணப்பம் நிரப்பி அனுப்பியது நான். "ஒழுங்கா எழுதுனியா, டிகிரி? தப்பா எழுதித் தொலச்சே, ஒன்ன வெட்டிப்புடுவேன்."

டப்பா இந்த வருடம் வந்தது. பார்சலை அக்கா பிரிக்கவில்லை. ஞாயிறன்று நேராக மண்டபத்துக்குள் நுழைந்து, ஆனந்த்ராஜ் மேசையில் பொத்தென்று வைத்தார்.

"ஒன் கையாலயே பிரி. நீயே படி. சத்தமா, ஊருக்கே கேக்கணும்."

ஆனந்த்ராஜ் பிரித்தார். ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தார். "அசல்."

"கேக்கல!"

"அசல்!" என்று கத்தினார். மண்டபமே கை தட்டியது. அக்கா மாராப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். அப்போது ஆனந்த்ராஜின் முகம் மாறியது. அடுத்த வரியை, யாரும் கேட்காமலே, இன்னும் சத்தமாகப் படித்தார். "துலக்கப்பட்ட நாணயம். தர எண் கிடையாது."

கைதட்டல் நின்றது.

பாத்திரக்காரியின் பழக்கம் அது. செம்பு என்றால் புளி, வெள்ளி என்றால் திருநீறு. துலக்காத பாத்திரத்தை எவன் வாங்குவான்? காசுக்கும் அதே கைதான்.

"தொலக்குனா குத்தமாடா? நீ குளிக்காமலா வந்திருக்க?"

"குளிச்சாத் தோலு உரியாதுக்கா. தேச்ச தேப்புல மேலெல்லாம் கீறலு. நல்ல காசக் கெடுத்துட்டீங்க. இனிப் பாதி விலைகூடத் தேறாது."

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "போலின்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன பதில்? அத மொதல்ல சொல்லுங்க!" என்று கத்தினேன். ஆனந்த்ராஜ் தன் டப்பா ஒன்றைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்.

பாரூக் பாய்தான் பேசினார். "அசல்னு வந்தா மேசன்னு சொன்னேன். நம்பரப் பத்திப் பேசவே இல்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான். மேசயப் போடுங்கப்பா."

மேசை போட்டார்கள். அக்கா உட்கார்ந்தார். அன்று எதை எடுத்து விலை கேட்டாலும் ஒரே பதில்: "விக்கல. போ." கிளம்பும்போது என்னிடம், "இந்த எழவ எப்படிடா ஒடைக்கிறது?" என்றார்.

"ஒடச்சா அசல்ங்கிற சீட்டும் போயிருமேக்கா."

அக்கா டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த மாதம் போனேன். சிவப்புத் துணியில் புதுச் சரக்கு. அண்டாவிலிருந்து வந்தபடியே கறுத்து, பச்சை பூத்துக் கிடந்தது. ஒன்றுகூடத் துலக்கவில்லை.

"என்னக்கா, தொலக்கலையா?"

"தண்ணி எங்கடா வருது? கொழாயில காத்துத்தான் வருது. குடிக்கவே இல்லாம கெடக்கோம், ஒனக்குக் காசு தொலக்கணுமாக்கும்!" என்று என்மேல் பாய்ந்தார்.

பக்கத்து மேசையிலிருந்து ஆனந்த்ராஜ் மெல்ல வந்து, கறுத்த ரூபாய் ஒன்றைக் கையில் எடுத்தார். அக்கா வெடுக்கென்று பிடுங்கினார். "டப்பா இல்லாதத நீ தொடக் கூடாது. போடா!"

மேசையின் முன்னால், ஆனந்த்ராஜின் பக்கம் பார்த்தபடி, முப்பத்தொன்பது டப்பாவோடு நிமிர்ந்து நின்றது. சீட்டில் 'அசல்' என்ற வரி எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த வரியின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.