ஃபிளெக்ஸில் போட்ட பட்டங்கள்

விளாங்குடியில் என் பள்ளித் தோழனுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த ஃபிளெக்ஸில், பிளஸ் டூவில் எங்களோடு படித்த பையன்கள் எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பி.இ., பி.காம். என்று ஒரு பட்டம். பட்டமில்லாமல் ஃபிளெக்ஸில் ஏறுவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இவர்களில் எத்தனை பேர் உண்மையில் படித்து முடித்தார்கள் என்று எனக்குக் குறுகுறுப்பு. ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்த நண்பனின் பெயருக்குப் பின்னாலும் பி.இ. இருந்தது; அவனையே கேட்டேன்.

"நீ ரெண்டாம் வருசத்தோட நின்னுட்டேல்ல மாப்ள?"

"காலேஜுக்குப் போனேன்ல? அம்புட்டுதான். அரியரையெல்லாம் யாரு ஃபிளெக்ஸ்ல போடுவா?"

எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள், இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் நின்று சிரித்தாள். கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பி.எஸ்சி. படித்தவள். கடைசி செமஸ்டர் எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. இவன்களே இப்படிப் போடும்போது அவளுக்கு என்ன போட்டிருப்பார்கள்?

"உன் கல்யாணப் பத்திரிகையில பி.எஸ்சி.ன்னு போட்டாங்களா?"

"எப்படிப் போடுவாங்க? எங்க வீட்டுக்காரர் பிளஸ் டூ. பொண்ணு படிப்பு அதுக்கு மேல போயிரக் கூடாதுன்னுதானே பரீட்சைக்கு முந்தியே முகூர்த்தம் வச்சாங்க."