ஆயிரத்து நூறு வாக்கியங்கள்

பதினெட்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர் அவர். லிஃப்ட் குழிக்குள் கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியதோடு ஏணி ஏறும் பிழைப்பு போயிற்று. நாற்பத்து மூன்று வயதில், உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று கண்ணில் பட்டது. கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள், அவர்கள் அனுமதியோடே, திருடனைப் போலப் புகுந்து ஓட்டை எங்கே என்று சொல்ல வேண்டும். ஆன்லைன் படிப்பில் சேர்ந்தார்.

மனைவி ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். "ஒரு நிமிஷம், இணைக்கறேங்க" என்று அவள் சொன்னால் அழுதுகொண்டிருப்பவர்கூடச் சற்று அடங்குவார். அந்த வருடம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஆயிரத்து நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்து அனுப்பினால், பிறகு அவள் போனில் தட்டுவதையெல்லாம் அவள் குரலிலேயே பேசும்படி செய்து தருவதாக ஓர் ஆய்வுக்கூடம் சொன்னது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பன்னிரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து பதிந்தார்கள். நடுநடுவே திட்டும் பதிவாயிற்று: "ஃபேனை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அறுவை சிகிச்சை முடிந்தது. இருமலையும் கனைப்பையும் வெட்டிச் சுத்தம் செய்தபின் மொத்தமாக அனுப்பலாம் என்று பதிவுகளைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதே கம்ப்யூட்டரில்தான் படிப்பும்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மச்சான் முதலிலேயே சொன்னான். "மாமா, சொந்த மெஷின்ல இந்த வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. வெர்ச்சுவல் மெஷின் போட்டுத் தரேன். கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர். அது நாசமாப் போனா அழிச்சுட்டு இன்னொண்ணு போட்டுக்கலாம். வெளிய இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

போட்டும் கொடுத்தான். ஆனால் ஒன்பது வருடப் பழைய மெஷின். தன்னைச் சுமக்கவே மூச்சு வாங்கும். பொய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாம் உறைந்து நிற்கும். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு காலை பொறுமை போய் அதை மூடிவிட்டு, ஏதோ ஆன்லைன் குழுவில் யாரோ கொடுத்த, ஓட்டை தேடும் கருவியை நேரே சொந்த மெஷினில் ஓடவிட்டார். வைரஸ் எச்சரிக்கை வந்தது. இந்த மாதிரிக் கருவி எல்லாவற்றுக்கும் வருவதுதானே என்று அதையும் அணைத்தார்.

கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. என்னவென்று புரிந்து ஒயரைப் பிடுங்கியபோது, அவள் குரல் உட்பட எல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டது.

மச்சான் ஓடி வந்தான். "பேக்கப் இருக்கா மாமா?"

"பென் டிரைவ்ல இருக்குடா."

"எங்க அது?"

மெஷினிலேயே செருகியிருந்ததைக் காட்டினார். அதிலிருந்ததும் சேர்ந்தே பூட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் முட்டி மோதினான். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. அதுவரை மனைவியிடம், "அனுப்பியாச்சு, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அதற்கு மேல் முடியவில்லை. அவள் எழுதிக்காட்டும் நோட்டை எடுத்து, நடந்ததை நான்கு வரியில் எழுதி நீட்டினார்.

அவள் பாதி படித்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். 'எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வாயால சொல்லுங்க.'

சொன்னார். அவள் நோட்டை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். குக்கரை இறக்கினாள். திட்டவாவது மாட்டாளா என்று நின்றார். திட்டத்தான் அவளிடம் குரல் இல்லையே.

ஆஸ்பத்திரியில் கேட்டார். எக்ஸ்சேஞ்ச் அழைப்புகளை அங்கே பதிவதே இல்லையாம். அவருடைய போனில் ஒரு குரல் செய்தி மட்டும் கிடைத்தது: "வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க, மறந்துடாதீங்க." எட்டு வினாடி. இது போதாது என்றது ஆய்வுக்கூடம். பொதுக் குரல் ஒன்றை அனுப்பியது. யாரோ சின்னப் பெண்ணின் குரல். மனைவி அதைக் காய்கறிக் கடையில் இரண்டு முறை பேசவிட்டாள். கடைக்காரர் சிரித்ததும் அணைத்தாள். அதோடு சரி.

அவர் தேர்வுக்குப் போகவில்லை. இப்போது ஒரு வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வண்டிகள் வருவது குறையும்போது, கூண்டுக்குள் குனிந்து அந்த எட்டு வினாடியைக் காதில் வைத்துக் கேட்பார். வீட்டில் அதைப் போட்டதே இல்லை.