மறுமணம் ஆகவில்லை என்று ஒரு கையெழுத்து

வருடத்துக்கு ஒரு முறை கருவூல அலுவலகத்துக்குப் போய், நான் இன்னும் சாகவில்லை, இன்னும் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். முதல் விஷயம் பார்த்தாலே தெரியும். இரண்டாவதைத்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழும்படிதான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டினார். எங்கள் வகையறாவில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மாரடைப்பில் அவர் போனபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் வந்தது. கோச்சடை வீட்டு வாடகை, எனக்கும் மாமியாருக்கும் சாப்பாடு, அவளுடைய சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான். அந்தச் சட்டத்தை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அது இல்லையென்றால் நாங்கள் இருவரும் நடுத்தெருவில் நின்றிருப்போம். ஆனால் நான் மறுபடி தாலி கட்டிக்கொண்டால் அது நின்றுவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மாமியாரே அறுத்துக் கட்டினவள். முதல் புருஷன் இறந்த கொஞ்ச காலத்திலேயே இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். அந்த இரண்டாம் கல்யாணத்தில் பிறந்தவர்தான் என் கணவர். திருமங்கலம் பக்கம் வயலில் கூலி வேலை பார்த்த எங்கள் ஆட்களிடம் அது சாதாரணம். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், தாலியைக் கட்டுவார்கள், மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் களத்துமேட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இழக்க ஒன்றும் இல்லாததால் தடுக்கவும் ஆள் இல்லை. வீட்டுக்குள் ஒரு சர்க்கார் வேலை வந்தது. கூடவே, ‘நம்ம வீட்டுப் பொம்பள அப்படிச் செய்யலாமா’ என்ற பேச்சும் வந்தது. அதைக் கௌரவம் என்கிறார்கள். பென்ஷன் போய்விடும் என்ற பயத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் அது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் காம்பவுண்டு போர் மோட்டாரைப் பழுது பார்க்க ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர். மெதுவாகப் பேசுவார், காபி டம்ளரைத் தானே கழுவி வைப்பார். போகப் போக மோட்டார் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது.

“மோட்டாரு நல்லாத்தான் ஓடுது. அந்த மனுசன் வாசலுக்கு வந்தாத்தான் அதுக்குக் காய்ச்சல் வந்துருது” என்று மாமியார் என்னைக் கிண்டல் செய்வாள். நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் அவர் சுற்றி வளைக்காமல், “கட்டிக்கிருவமா?” என்று கேட்டார். எனக்கு ஆசையாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் அவருக்கு வேலை பாதியாகிவிடும். இரண்டு பெண்களைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அத்தையையும் அவர் தலையில் கட்ட முடியுமா?

என் அண்ணன் வழி சொன்னார். “தாலிய மட்டும் கட்டாதீக. அவரு சும்மா வந்து போயி இருக்கட்டும். எவன் கேக்கப் போறான்?”

“ஒளிஞ்சு மறைஞ்சு இருக்க நான் என்ன கோழியாண்ணே திருடிட்டேன்?” என்றேன். அதன் பிறகு ரொம்ப நாள் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கடைசியில் மோட்டார்காரரிடம், “அத்தை இருக்குற வரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

அந்த வருடம் கருவூலத்தில் பென்ஷன் நேர்காணலுக்கு நான் கிளம்பியபோது, “நானும் வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். துணைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். கவுன்டரில் இருந்தவர் வழக்கம்போல் சத்தமாகக் கேட்டார்.

“மறுமணம் செஞ்சிருக்கீங்களாம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றாள். “இன்னும் இல்லய்யா. தை பொறக்கவும் செய்யப் போறா. அதுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?”

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பென்ஷன் நின்னுரும், தெரியும்ல?” என்றார்.

“தெரியும். எம் மகன் செத்ததுக்கு இம்புட்டு நாளு குடுத்தீக. புண்ணியமாப் போகுது. இவ உசுரோடல்ல இருக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கல்யாணம் முடிந்ததும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, அந்த வருடத்துக்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தையைப் பிடிபிடியென்று பிடித்தேன். உன்னை யார் கேட்டது, எனக்காக நீ எப்படி முடிவு செய்யலாம், நாளைக்கு மாத்திரைக்கு என்ன செய்வாய் என்று ரோட்டில் நின்று கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன் என்பது எனக்கே அப்போது தெரியவில்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எப்போதும் வெடுக்கென்று பதில் சொல்கிறவள், முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அங்க போனதுக்கப்புறமும் எனக்குச் சோறு போடுவேல்ல?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கிறாள். பஸ் வந்தது. அத்தை ஏறவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.