கேற் இல்லாத கொம்பனி

1. லொக்

சுதர்சினியின் ஐடி லொக் ஆன மத்தியானம், நாங்கள் கொத்துரொட்டிக் கடை வாசலில் ஓர்டருக்காக நின்றோம். யாழ்ப்பாண டவுனில் கடைச் சாப்பாட்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. அந்த வேலையைத் தருவது போனில் இருக்கும் அப். ஐடி லொக் ஆனால் வேலை இல்லை.

சுதர்சினி சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள். வீட்டில் உழைக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அதற்கு முதல்நாள் சாப்பாடு ஓர்டர் பண்ணிய ஒருவர் 'கோயில் ஒழுங்கை' என்று விலாசம் போட்டிருக்கிறார். அந்த றோட்டில் கோயில் ஒழுங்கை என்று சனம் சொல்கிற ஒழுங்கைகள் பல. போனிலுள்ள மப்பில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. அவள் எல்லாவற்றுக்குள்ளும் போய்த் தேடியிருக்கிறாள். அவர் போனும் எடுக்கவில்லை. பிறகு, சாப்பாடு வரவில்லை என்று முறைப்பாடு போட்டுவிட்டார்.

“கொம்பனியிலை ஆரிட்டையும் கதைச்சனியோ?” என்று கேட்டேன்.

“ஆரிட்டைக் கதைக்கிறது அண்ணை? மெசேஜ் போட்டன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ எண்டு வருது.”

நான் எட்டாம் வகுப்போடு பண்டத்தரிப்பை விட்டு வெளிக்கிட்டவன். தேயிலைத் தொழிற்சாலை, உப்பளம், கொழும்பில் மூட்டை ஏற்றுகிற வேலை என்று பல இடம் திரிந்தேன். அங்கெல்லாம் வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறேன். வாசல் கேற்றை மறித்து நின்றால் உள்ளேயிருந்து ஒரு மனிசன் வெளியே வருவான். எங்கள் கொம்பனிக்குக் கேற்றே இல்லை.

“நாங்கள் ஒரு சங்கம் தொடங்குவம்” என்றேன்.

“என்ன அண்ணை, மண்ணெண்ணெய் குடுக்கப் போறியளோ?” என்றான் குருநகர் அன்ரன். எல்லோரும் சிரித்தார்கள். எங்களூரில் சங்கம் என்றால் முதலில் ஞாபகம் வருவது, மண்ணெண்ணெய்க்கு லைனில் நின்ற கூட்டுறவுக் கடைதான். “லைனிலை நிண்டது காணுமண்ணை.”

2. ஒரே ஒரு ஓட்டம்

சங்கத்துக்குப் பெயர் வைக்காமலே அடுத்தநாள் மத்தியானம் எல்லோரும் போனில் ஓஃப்லைன் போனோம். றைடர்மார் குறைந்தால் அப் தானாகவே ஓட்டக் காசைக் கூட்டும். அதை நான் யோசிக்கவில்லை. காசு ஏற ஏற அன்ரன் நெளிந்தான்.

“அண்ணை, ஒரே ஒரு ஓட்டம்.”

அவன் போக மற்றவர்களும் போனார்கள். நான் கெட்ட வார்த்தையால் பேசினேன். சுதர்சினி தடுத்தாள்.

“அவையைப் பேசாதேங்கோ. ஐடி இருந்தா நானும் ஓடியிருப்பன்.”

இதையெல்லாம் கொத்து மாஸ்டர் மரியதாஸ் கொத்து அடிக்கிற இரும்புத் தட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைநிறுத்தமாம்! அடுப்பு எரிஞ்சுகொண்டெல்லோ இருக்கு” என்றார்.

3. கொத்து நின்றது

மறுநாள் மரியதாஸ், கடையில் வந்திருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் கொத்துப் போட்டார். போனில் வந்த ஓர்டர்கள் தேங்கின. எடுக்க ஆளில்லை என்று அப் காசைக் கூட்டியது. அன்ரன் வாசலில் நின்று போனையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தான். எவ்வளவு கூட்டினாலும் கொண்டுபோக அந்தக் கடையில் ஒரு பார்சல் இல்லை.

கடை முதலாளி ஓடிவந்தார். “மரியதாஸ், உனக்கென்ன விசரே? ஓர்டர் நிக்குது!”

“நிக்கட்டும் முதலாளி. உந்தப் பிள்ளையின்ரை ஐடியைத் திறக்கச் சொல்லுங்கோ.”

“நான் ஆரடாப்பா திறக்கிறதுக்கு?”

“கடையை அப்பிலை பதிய வந்த அந்தக் கொழும்புப் பெடியன்ரை நம்பர் உங்களிட்டை இருக்கெல்லோ?”

இருந்தது. எங்கள் ஒருவரிடமும் இல்லாத மனித நம்பர் அது. நல்ல கொத்து மாஸ்டரை எந்தக் கடையும் கூப்பிட்டு எடுக்கும் என்று முதலாளிக்குத் தெரியும். திட்டிக்கொண்டே போனை எடுத்தார். பின்னேரம் ஐடி திறந்தது.

இனிவரும் காலத்துத் தொழிற்சங்கம் பற்றி இளம் ஆட்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு கொம்பனிக்கு ஒரு சங்கம் என்பது கேற் இருந்த காலத்துக்குச் சரி. இப்போது ஒரு பார்சல் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை கையும் சேர வேண்டும். அடுப்படியில் நிற்பவர், றோட்டில் ஓடுபவர், கொழும்பில் போனுக்குப் பதில் சொல்லும் பெடியன் கூட. சேருவார்களா என்பது எனக்குத் தெரியாது. தன் சம்பளத்தில் ஒட்டாத விசயத்துக்கு ஒருவர் நிற்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று பின்னேரம் மரியதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ஞாயிறு காலமை சேர்ச்சிலை பூசைக்குப் போக முதலாளி விடுறாரில்லை. நான் கேக்கப் போறன். என்னோடை நிப்பியளோ?”

எங்களுக்கு ஓர்டர் கூடுதலாக வருவது ஞாயிற்றுக்கிழமைதான். அன்ரன் நிலத்தைப் பார்த்தான்.

சுதர்சினி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“எத்தினை மணிப் பூசை அண்ணை?”